தலைவரின் வேட்டியில் ஏறிய அவரைத் தேமல்

தை மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில், அவரைச் செடிகளை வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருந்த மஞ்சள் தேமல் நோய், ஆராய்ச்சிப் பண்ணையின் பதினேழாம் பாத்தியில் நின்ற பதினொரு செடிகளில் இலை இலையாக ஏறிப் பார்த்து, ஒன்றிலும் உட்கார இடம் கிடைக்காமல் இறங்கி, கம்பிவேலியைத் தாண்டி, தார் ரோட்டைக் கடந்து, சடையனூத்துப் பால் சங்கத் தலைவர் தெய்வேந்திரன் கஞ்சி போட்டுக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் ஏறிக்கொண்டது.

முதலில் பார்த்தவள் நாகஜோதி. இடுப்பில் இரண்டரை வயது தர்ணிகாவையும் கையில் பால் தூக்கையும் வைத்துக்கொண்டு சங்கத்து வரிசையில் நின்றவள், தலைவரின் முழங்காலுக்குக் கீழே முதல் மஞ்சள் திட்டு பூப்பதையும், அது பக்கத்துத் திட்டோடு கைகோர்த்துத் தொடைவரை ஏறுவதையும், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பண்ணையில் நாலு வருஷமாக நாள் தவறாமல் அவள் பார்க்கிற மஞ்சள் அது. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க நடுவெல்லாம் மஞ்சள் பூக்கும்; வேட்டியிலும் அப்படியே, மடிப்புக் கோடு மட்டும் வெள்ளையாக நிற்க நடுவெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. அப்படியானால் பதினேழாம் பாத்தி தப்பித்துவிட்டது என்ற சந்தோஷம்தான் வந்தது. பாலை ஊற்றிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பண்ணைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

போய்ப் பார்த்தால், எந்தச் செடி தாங்கும் என்று சோதிக்க, நோய் பரப்புவதற்கென்றே பத்து வரிசைக்கு ஒரு வரிசை நட்டு, சோறு போட்டு வளர்க்கிற மாதிரி நோயை வளர்க்கும் அந்த நோஞ்சான் வரிசைகள் எலுமிச்சம்பழமாக வெளுத்துக் கிடந்தன. நோயைச் செடிக்குச் செடி சுமக்கிற வெள்ளை ஈ மேகமாக மொய்த்தது. அதற்கு நடுவில் பதினொரு செடிகள், குளித்துத் தலைவாரிய பிள்ளைகள் மாதிரி பச்சைப்பசேலென்று, கொத்துக்குப் பதினைந்து பிஞ்சு தொங்க நின்றன.

அந்தச் செடிகளின் பிறப்பு ரகசியம் பூமியில் நாகஜோதி ஒருத்திக்குத்தான் தெரியும்.

பண்ணையில் அவளுக்கு வேலை, பூவுக்குக் கல்யாணம் செய்து வைப்பது. நாளைக் காலையில் விரியப்போகிற மொட்டை இன்று சாயங்காலமே பிடித்து, இடுக்கியால் மெல்லப் பிளந்து, உள்ளே இருக்கிற பத்து மகரந்தப் பையையும் ஒன்று விடாமல் கிள்ளிவிட்டு, மூடி நூல் கட்ட வேண்டும். மறுநாள் காலையில் அப்பன் செடியின் பூவைக் கொண்டுவந்து அதன் தூளைத் தொட்டு வைக்க வேண்டும். எந்த அம்மாவுக்கு எந்த அப்பன் என்று பண்ணை அய்யா, முனைவர் கதிர்நிலவன், நோட்டில் எழுதி வைத்திருப்பார். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு நாள், நோட்டில் எழுதியிருந்த அப்பன், எங்கிருந்தோ விமானத்தில் வந்து கண்ணாடிக் கூடாரத்தில் தொட்டியில் நின்ற அந்தச் சீமை மாப்பிள்ளை, பூவையெல்லாம் ஒரே ராத்திரியில் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. நாற்பது பூ முடிக்காவிட்டால் அன்றைக்கு வருகைப் பதிவு கிடையாது என்பது அய்யாவின் சட்டம். நாகஜோதிக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளை அழுத்துகிற அழுத்தத்தில் நாளுக்குப் பத்து தடவை கக்கூஸுக்கு நடப்பாள். நடக்கும்போதெல்லாம், கக்கூஸ் குழிக்குப் பின்னால் வேலியில் ஏறிக் கிடந்த காட்டவரையைப் பார்ப்பாள். யாரும் விதைக்காதது, யாரும் மருந்தடிக்காதது, ஊரே மஞ்சளாகும்போதும் ஒரு இலைகூட மஞ்சளாகாதது. அன்றைக்கு அது ஊதாப் பூவாகப் பூத்துத் தள்ளியிருந்தது. இந்த வீட்டில் மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான், அந்த வீட்டில் மாப்பிள்ளை சும்மா நிற்கிறான் என்று கணக்குப் போட்டவள், நாற்பது பூவுக்கும் அந்த ஊதாப் பூவையே தொட்டு வைத்தாள். அய்யா நோட்டில் சீமை அப்பன் பெயரையே எழுதிக்கொண்டார். அடுத்த போகத்தில் பிள்ளைச் செடி, அதற்கடுத்த போகத்தில் பேரச் செடி என்று வந்து, நோயில் நூற்றுக்கணக்கில் செத்தது போக நின்றவைதான் இந்தப் பதினொன்று.

நாகஜோதிக்கு அந்தச் செடிகளின் விதை வேண்டும். ஆசைக்கில்லை. வீட்டு நிலம் முக்கால் ஏக்கர். இரண்டு வருஷமாகப் போட்ட அவரையெல்லாம் தேமலில் போய்விட்டது. மாமனார் சின்னாண்டி ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார், இந்த ஆடியிலும் விளையாவிட்டால் மேல்மண்ணை வெட்டிக்கொள்ளச் சொல்லி செங்கல் சூளைக்காரனிடம் நிலத்தைக் கொடுத்துவிடப் போவதாக. இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டுவார்கள். அப்புறம் அது நிலமில்லை, மழைக்குக் குட்டை. அவள் புருஷன் காளீஸ்வரன், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் வண்டி ஓட்டுகிறவன், அப்பாவை எதிர்த்து வாய் திறந்து பழக்கமில்லாதவன், வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். பதினொரு செடியிலும் பிஞ்சு முற்றி விதை பிடிக்க இன்னும் முப்பது நாள் வேண்டும். அந்த முப்பது நாளும் செடி நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊருக்கோ வேறு கவலை.

தலைவர் தெய்வேந்திரன் முதலில் இஸ்திரிக் கடை முத்திருளனைக் கூப்பிட்டு, வேட்டியை எந்த மஞ்சள் துணியோடு போட்டு ஊற வைத்தாய் என்று கேட்டார். முத்திருளன், நான் துவைக்கிறதே இல்லைங்களே, தேய்க்கிறதோட சரி என்றான். வேறு வேட்டி கட்டினார். வாசல்படி இறங்குவதற்குள் அதுவும் மஞ்சள். சங்கத்துத் துணைத் தலைவரின் சட்டை, சொசைட்டிச் செயலாளரின் துண்டு, காண்டிராக்டரின் பேண்ட், ரோட்டுக்கு எதிர்ப்புறம் பிளெக்ஸ் போர்டில் கும்பிட்டபடி நின்ற பத்துப் பேரின் சட்டை என்று அந்த வாரத்துக்குள் எல்லாவற்றிலும் தேமல் ஏறியது. பண்ணையில் பாதி நாள் நாற்காலியைத் தேய்க்கிற கதிர்நிலவன் அய்யாவின் நீள வெள்ளைக் கோட்டும் தப்பவில்லை.

ஊரில் மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை வாங்கின மறு வாரமே செம்மண் நிறமாகிவிடும், தேமல் உட்கார அதில் இடமில்லை. டீக்கடைக்காரரின் வேட்டியில் டீ, பூசாரியின் வேட்டியில் விபூதியும் எண்ணெயும், கறிக்கடைக்காரரின் வேட்டியில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. குனிந்து ஒரு வேலையும் பார்க்காமல் இருந்தால்தான் துணி அத்தனை வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையைத்தான் தேமல் தேடித் தேடிப் பிடித்தது. இதைப் பெண்கள் குழாயடியில் இரண்டாம் நாளே கண்டுபிடித்துச் சிரித்து முடித்துவிட்டார்கள். ஆண்களுக்கு விளங்க இரண்டு வாரமானது.

வேறு ஊராயிருந்தால் அந்த மனுஷர்கள் ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். சடையனூத்தில் தலைவர் என்று பெயரெடுத்தவன் கலர் சட்டையோடு தெருவில் இறங்குவதைவிட வீட்டுக்குள்ளேயே கிடப்பான். ஆகவே அவர்கள் வெளுத்தார்கள். பெண்டாட்டிமாரை உட்கார வைத்து சோப்பு மாற்றி, சோடா மாற்றி, கடைசியில் சொட்டு நீலத்தை ஒரு சொட்டுக்குப் பத்து சொட்டாக விட்டு அலசச் சொன்னார்கள். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் என்ன ஆகும் என்று மூன்றாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மறுநாள் தலைவரும் அவர் ஆட்களும் கிளிப்பச்சை வேட்டியில் வந்து இறங்கினார்கள். சங்கத் தேர்தலில் பச்சை, எதிரணி ரெங்கராஜின் கொடி நிறம். தலைவர் கட்சி மாறிவிட்டார் என்று அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகி, அவருடைய சொந்த மச்சான் வந்து, மாமா நமக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அழுதுவிட்டுப் போனான்.

அப்புறம்தான் கதிர்நிலவன் அய்யா பூதக்கண்ணாடியோடு வந்தார். தலைவரின் வேட்டியில் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார். எந்த இடத்தில் வெட்டினால் வெளியே தெரியாது என்று நாலு பேர் கூடி அரை நாள் ஆலோசித்தார்கள். வெட்டி, அரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு அய்யா சொன்னார்: இது அவரைத் தேமல்தான், தான் கண்டுபிடித்த புது ரகம் நோயைத் தன்மேல் ஏறவிடவில்லை, அதனால் நோய் வேறு இடம் பார்த்துக்கொண்டது. சொன்ன கையோடு பதினேழாம் பாத்தியின் தலையில் 'நிலவன்-1' என்று பெயிண்ட் அடித்த பலகையையும் நட்டார். நாகஜோதிதான் குழி தோண்டினாள். கண்டுபிடித்தவரின் கையில் மண் படக் கூடாது பாருங்கள்.

தலைவருக்கு அந்தப் பெருமையெல்லாம் காதில் ஏறவில்லை. செடி இருப்பதால்தானே வேட்டிக்கு வந்தது, திங்கட்கிழமைக்குள் பதினொன்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், இல்லையென்றால் நான் எரிப்பேன் என்று சொல்லிவிட்டார். அய்யாவும் தலையை ஆட்டினார். தலைவர்கள் சொன்னால் ஆடுவதற்கென்றே சில தலைகள் உண்டு.

நாகஜோதி அன்று சாயங்காலம் பிள்ளைக்குக் குழம்புச் சோறு ஊட்டிக்கொண்டே யோசித்தாள். சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிற பிள்ளைக்கு, சரி நீ சாப்பிடாதே, பக்கத்து வீட்டுப் பாப்பா சாப்பிட்டுவிடட்டும் என்று சொன்னால் போதும், ஆ என்று திறக்கும். பெரிய மனுஷர்களும் யாரோ ஒருத்தி ஊட்டி வளர்த்த பிள்ளைகள்தானே. மறுநாள் காலை இஸ்திரிக் கடையில் ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரெங்கராஜின் காதில் விழுகிற மாதிரி முத்திருளனிடம் பேசினாள்.

"அண்ணே, அந்தத் தேமல் எல்லார் மேலயும் ஏற மாட்டேங்குது பாத்தீகளா. ஊருக்குள்ள யாரு பெரிய ஆளுன்னு பாத்துப் பாத்துத்தான் ஏறுதாம். அய்யாவே சொன்னாக."

ரெங்கராஜ் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். மாட்டுத் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுகிற வேட்டி. பின்பக்கம் தவிட்டு நிறம். அதில் தேமல் ஏறியிருக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் அவர் நடந்து போனபோது வேட்டி முழுக்க மஞ்சள் திட்டு. நாலு தப்படி பின்னால் நடந்தவர்களுக்கெல்லாம் சமையல் மஞ்சள் வாசம் அடித்தது.

சங்கதி தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. எரிக்கிற பேச்சு அதோடு நின்றது. நிஜத் தேமல் ஏறியது தனக்குத்தான், ரெங்கராஜினுடையது கல்லுரலில் இடித்த மஞ்சள் என்று நிரூபிப்பதே அவருக்கு வேலையாகிப்போனது. செடிகளைச் சுற்றி முள்ளும் அதற்குக் காவலாக இரண்டு ஆளும் போட்டார். கல்யாண வீடுகளில் தேமல் வேட்டிக்கு முன்வரிசை என்றானது. ஜவுளிக்கடையில் தேமல் பார்டர் வந்தது. திட்டு எத்தனை என்று எண்ணி, என்னுடையது இருபத்தேழு, உன்னுடையது பத்தொன்பது என்று, வயசுக்கு வந்த பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நாகஜோதி பிள்ளையை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவில்லை. கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

அவள் நினைத்தபடி செடி நின்றது. காய் பருத்தது. ஆனால் வெறுக்கிற கூட்டத்தைச் சமாளித்துவிடலாம், கும்பிடுகிற கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்பதை அவள் அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டாள். முள்ளைத் தாண்டி வந்து இலையைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். தண்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். காண்டிராக்டர் தினமும் ஒரு தளிரைக் கிள்ளி வெற்றிலை மாதிரி மென்றார், திட்டு கூடுமாம். நாகஜோதி வாய்க்கால் மண்வெட்டியோடு நின்று முடிந்தமட்டும் விரட்டினாள். முப்பதில் இருபத்தாறாம் நாள் அந்தச் செய்தி வந்தது: வெளியூரிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் 'நிலவன்-1'ஐப் பார்க்க வருகிறார், பதினொரு செடியின் காயையும் ஒன்று விடாமல் பறித்து அவருக்கும் கூட வருகிற ஐம்பது பேருக்கும் அவரைக்காய்ப் பொரியல் வைத்து விருந்து.

நாகஜோதி ஓடிப்போய் அய்யாவிடம் சொன்னாள், காய் முற்றிப்போச்சு, தோல் பழுக்க ஆரம்பித்துவிட்டது, பொரியலுக்கு ஆகாது, விதைக்காவது பாதி விடுங்கள் என்று. கதிர்நிலவன் அய்யா, பெரியவருக்கு முன்னால் விதை என்ன விதை, நோட்டில்தான் அப்பன் பெயர் அம்மா பெயர் எல்லாம் இருக்கிறதே, அடுத்த வருஷம் மறுபடியும் சேர்த்துவிட்டால் போகிறது என்றார்.

அந்த நோட்டைப் பார்த்து எத்தனை வருஷம் சேர்த்தாலும் இந்தச் செடி வராது. அது அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அன்றோடு வேலை போகும் என்பதும் தெரியும்.

மறுநாள் பதினேழாம் பாத்தியில் பந்தல் போட்டு, தேமல் வேட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெரிய தலைவருக்கு மாலை விழுந்தது. அவர் பையில் ஒரு இலை. காண்டிராக்டரின் வாயில் ஒரு தளிர். முதல் காயைப் பறிக்க அய்யா தாம்பாளத்தோடு குனியப் போனார். குனிந்து பழக்கமில்லாததால் கொஞ்சம் நேரமானது. அந்த நேரத்தில் நாகஜோதி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முள்ளைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள்.

"அய்யா, நோட்டுல நீங்க எழுதி வச்ச அப்பன் இதுக்கு அப்பன் இல்லீங்க."

"என்னம்மா சொல்றே, தள்ளு."

"அது அன்னைக்குப் பூக்கலீங்க. நாப்பது பூ முடிக்கணும்னீக. கக்கூஸ் குழிக்குப் பின்னால வேலியில கிடக்குதுல்ல காட்டவரை, அந்தப் பூவைத்தான் தொட்டு வச்சேன். குழிக்குள்ளதான் அது வேரு. அம்புட்டும் அந்த உரம்தான்."

 முதலில் காண்டிராக்டர் துப்பினார். துப்பினார், துப்பினார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் துப்பினார். பெரிய தலைவர் பையிலிருந்த இலையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு அந்த இரண்டு விரலையும் என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே காரில் ஏறினார். தெய்வேந்திரனின் வேட்டியிலிருந்த இருபத்தேழு திட்டும் ஒரு நொடியில் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்கள். ஒரு வாசமும் இல்லை என்று பிள்ளை தர்ணிகாவுக்குக்கூடத் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு வாசம் அடிக்க மூக்கு எதற்கு.

கதிர்நிலவன் அய்யா போகிற கார்களைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தன் பெயர் போட்ட பலகையைப் பார்த்தார். அதை அவரே பிடுங்கினார். தன் கையால் அவர் பண்ணையில் செய்த முதல் வேலை அது.

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றார். "இந்தச் சனியன் பதினொன்னையும் வேரோட பிடுங்கிக் கண்காணாத இடத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டுப் போ."

"வேரோடவாங்கய்யா?"

"ஒரு வேர் மிச்சமிருக்கக் கூடாது."

நாகஜோதி பிள்ளையை இறக்கி வரப்பில் உட்கார வைத்துவிட்டு, செடிக்கு நாலு பக்கமும் மண்ணைத் தளர்த்தி, பிள்ளையைத் தூளியிலிருந்து எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தாள். வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் தண்டிலும் வேரிலும் மிச்சமிருக்கிற சத்தெல்லாம் காய்க்கு இறங்கி, நாலு நாளில் விதை தானாக முற்றிவிடும் என்பது அவரை போட்ட எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். பட்டம் வாங்கினவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி, பதினொரு செடியையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகவே நடந்தாள். மூக்கைப் பிடித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வழி தாராளமாக விட்டார்கள்.

வீட்டில் மாமனார் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வேலை போச்சா என்று கேட்டார். போச்சு மாமா என்றாள். தலையில் என்ன என்று கேட்டார். அவள் ஒரு காயை உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விதையை நகத்தால் அழுத்திப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், எழுந்துபோய் மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் கயிறு போட ஆரம்பித்தார். சாயங்காலம் சூளைக்காரர் போனில் கூப்பிட்டபோது, இடிந்த சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, ஆடி போகட்டும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

ஊரில் தேமல் வேட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்திவிட்டார்கள். இன்னொரு தரம் வெள்ளை கட்டினால் யாராவது மூக்கைப் பிடிப்பார்களோ என்ற பயத்தில் தலைவர்மாரெல்லாம் கட்டம் போட்ட லுங்கிக்கு மாறினார்கள். மாறிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது: அவர்களில் யார் தலைவர் என்று ஊருக்கு அடையாளமே தெரியவில்லை. பால் சங்கத்தில் தெய்வேந்திரன் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார். முன்னால் விடுங்கள் என்றபோது, யாருப்பா நீ, வரிசையில வா என்றார்கள்.

ஆடியில் பதினாறு சென்ட் நடப் போதுமான விதை கிடைத்தது. நட்டார்கள். வெள்ளை ஈ வந்து பார்த்தது, போனது. ஐப்பசியில் காளீஸ்வரன் வண்டியில் ஏற்றிய மூட்டைகளை ஒட்டன்சத்திரத்தில் இறக்கும்போது, காயா இது, கொழுக்கட்டையா என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவரும் சூளையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. மாமனார் மட்டும் மிச்ச நிலத்தைக் கை ஜாணால் அளந்துகொண்டே, செடிக்குச் செடி எத்தனை அடி விடலாம் தாயி என்று மருமகளிடம் கேட்டார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

அந்த வாரம்தான் கதிர்நிலவன் அய்யா வந்தார். பழுப்புச் சட்டை போட்டிருந்தார், கையில் நோட்டு. பண்ணையில் இரண்டு போகம் சீமை அப்பனைச் சேர்த்துப் பார்த்தாயிற்று, எல்லாம் மஞ்சளாகச் சாகிறது. கக்கூஸை இடித்து டைல்ஸ் போட்டபோது அந்த வேலிக்கொடியையும் வெட்டியாயிற்று. ஒரு கைப்பிடி விதை கொடுத்தால் நல்லது என்று வரப்பில் நின்றபடியே சொன்னார். நாகஜோதி களை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"பாத்திக்குள்ள உதிந்து கிடக்கு, குனிஞ்சு பொறுக்கிக்கங்கய்யா."

அவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கழற்றி, இறங்கி, குனிந்து பொறுக்கினார். பிறகு நிமிர்ந்து நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து, அப்பன் பெயர் என்று என்ன எழுதுவது என்று கேட்டார்.

"தோணுறத எழுதுங்க" என்றாள். "நோட்டைப் படிச்சுட்டுத்தானா அது காய்க்குது?"